அன்று ராத்திரி கேஷ் டேலி ஆனது

பேங்க் வேலை என்றதும் நம் ஊரில் பெண் கொடுப்பவர்கள் முகத்திலும் மாப்பிள்ளை தேடுபவர்கள் முகத்திலும் ஒரு வெளிச்சம் வரும். 2022-ல் எனக்கு ஆர்டர் வந்தபோது அப்பா தெரு முழுக்க லட்டு கொடுத்தார். தமிழ்நாட்டுக்குள்ளேயே தலைமை அலுவலகம் வைத்திருக்கும் பழைய தனியார் வங்கிகளில் ஒன்று, கிளார்க் வேலை, பிடித்தம் போகக் கைக்கு 29,000 ரூபாய். பெயர் வேண்டாம், நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். அந்த வேலையில் ஒரு வெள்ளிக்கிழமை 40,000 ரூபாய் போனது. அதைவிட, போன பணம் போனதாகவே எழுத்தில் இல்லாமல் போனது. இதைப் பற்றி எனக்கு முன்னாடியே யாராவது அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் பாதியாவது தப்பியிருக்கும். இப்போது கேஷ் சீட்டில் புதிதாக உட்காரப் போகும் பிள்ளைகளுக்காகத்தான் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். போஸ்டிங் போட்டது பள்ளிபாளையம் பக்கம் ஒரு விசைத்தறி ஊரில். இரண்டு வருஷ பாண்ட், நடுவில் விட்டால் ஒரு லட்சம் கட்ட வேண்டும் என்பதால் ஊர் பிடிக்கவில்லை என்றெல்லாம் சொல்ல முடியாது. முதல் ஒரு மாதம் தறிச் சத்தத்தில் தூக்கமே வரவில்லை. அப்புறம் ஊருக்குப் போனால் அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை, அது வேறு கதை. பிராஞ்ச் சின்னது. மேனேஜர், அசிஸ்டென்ட் மேனேஜராக ஒரு மேடம், ஹெட் கேஷியர் சார், நான், இன்னொரு கிளார்க் பையன், அட்டெண்டர் அண்ணன். இவர்களோடு காலையில் வந்து மதியம் வரை உட்கார்ந்து நகையை உரசிப் பார்க்கும் அப்ரைசர். கீழே ஒரு மருந்துக் கடை, மாடியில் நாங்கள்.

பத்து மணிக்குத் திறந்து நாலு மணிக்கு மூடிவிடுவார்கள் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிற வேலை, உண்மையில் நாலு மணிக்குத்தான் இரண்டாம் பாதி தொடங்கும். வவுச்சரை அடுக்கணும், நகைக்கடன் பாக்கெட்டுகளை எண்ணிப் பெட்டகத்துக்குள் வைக்கணும், தவணை தவறியவர்களுக்குப் போன் போடணும். 90 நாள் வட்டி வராவிட்டால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும் என்பதால் அறுபதாவது நாளிலிருந்தே மேலிடத்திலிருந்து லிஸ்ட் வந்துகொண்டிருக்கும். அதற்கு மேல் இன்சூரன்ஸ். 436 ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு, 20 ரூபாய்க்கு விபத்துக் காப்பீடு, இந்த இரண்டு அரசுத் திட்டத்திலும் இன்றைக்கு எத்தனை பேர் சேர்த்தீர்கள் என்று மாலை ஐந்தரைக்கு வாட்ஸப்பில் கேள்வி வரும். அந்த 20 ரூபாய்த் திட்டத்தை மனதாரச் சொல்வேன், தறியில் கை போனவர்களைப் பார்த்திருக்கிறேன். மற்ற கம்பெனி பாலிசிகளைத் தலையில் கட்டுவதுதான் நாக்கு கூசும் வேலை. வீடு போய்ச் சேர ஏழரை, எட்டு ஆகும். இதெல்லாம் பழகிவிடும். பழகாதது கேஷ்தான்.

கேஷ் சீட்டுக்கு யாரும் தனியாகப் பயிற்சி கொடுப்பதில்லை. டிரெய்னிங் சென்டரில் இரண்டு வாரத்தில் கேஷ் பற்றிப் பேசியது ஒரு மணி நேரம், அதிலும் பாதி கள்ளநோட்டு பற்றி. கள்ளநோட்டு வந்தால் திருப்பிக் கொடுக்கக் கூடாது, முத்திரை குத்திப் பறிமுதல் செய்து ரசீது கொடுக்கணும், ஒரே பரிவர்த்தனையில் நாலு வரை வந்தால் மாதம் ஒருமுறை போலீசுக்கு மொத்தமாக அறிக்கை, ஐந்தும் அதற்கு மேலும் வந்தால் உடனே எப்.ஐ.ஆர். இது மனப்பாடமாக இருந்தது. நூறு ரூபாய்க் கட்டும் ஐந்நூறு ரூபாய்க் கட்டும் மாறிப் போகும் என்பதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 2023 அக்டோபர் கடைசியில் ஹெட் கேஷியர் சார் கண் ஆபரேஷனுக்கு மெடிக்கல் லீவில் போனார். இரண்டாயிரம் ரூபாய் நோட்டு மாற்றும் கூட்டம் அக்டோபர் 7-ஆம் தேதியோடு ஓய்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "கொஞ்ச நாளைக்கு நீ பாத்துக்கம்மா" என்றார் மேனேஜர். பெட்டகச் சாவியில் ஒன்று மேடத்திடம், இன்னொன்று என்னிடம். அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஒளிக்க என்ன இருக்கிறது.

2023-ல் தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. 11-ஆம் தேதி இரண்டாவது சனி, பேங்க் லீவு. அதனால் 10-ஆம் தேதி வெள்ளிக்கிழமைதான் தீபாவளிக்கு முன்னால் கடைசி வேலை நாள். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயும் அந்த மாதம் 15-ஆம் தேதிக்குக் காத்திருக்காமல் பண்டிகைக்காக முன்கூட்டியே ஏறியிருந்தது. தறிக்காரர்கள் போனஸ் போடுவதற்குப் பணம் எடுக்க வந்தார்கள். மகளிர் குழுக்கள் சேமிப்பைப் பிரிக்க வந்தார்கள். படிக்கட்டில் மருந்துக் கடை வரைக்கும் வரிசை. எல்லாரும் சில்லறை கேட்டார்கள். போனஸ் கொடுக்க நூறு ரூபாய், துணிக்கடைக்கு ஐந்நூறு, பட்டாசு வாங்க இருநூறு. ஆயிரம் ரூபாய் எடுக்க வந்த ஒரு பாட்டி பத்து நூறாகக் கேட்டு, வாங்கி, கண்ணில் ஒற்றி, இடுப்பில் முடிந்துகொண்டு, பின்னால் நிற்பவர்கள் கத்தக் கத்த மெதுவாக நகர்ந்தார். அன்றைக்கு எனக்கு முழுசாக நினைவிருப்பது அந்தப் பாட்டி ஒருத்திதான்.

தப்பு எப்படி நடந்திருக்கும் என்று பிறகு நூறு முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். புது நூறு ரூபாய் நோட்டு ஊதாவும் சாம்பலும் கலந்த நிறம். ஐந்நூறு கல் நிறச் சாம்பல். இரண்டுக்கும் அகலம் ஒன்றுதான், 66 மில்லிமீட்டர். நீளத்தில் ஐந்நூறு வெறும் 8 மில்லிமீட்டர் கூடுதல். காகிதப் பட்டை சுற்றிய கட்டாக டிராயரில் படுக்க வைத்துத் தலைமாட்டு ஓரத்தை மட்டும் பார்த்தால், டியூப்லைட் வெளிச்சத்தில், மதியச் சாப்பாடு சாப்பிடாத மூன்று மணிக்கு, இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். காலையில் இடது பக்கம் ஐந்நூறு, நடுவில் இருநூறு, வலது பக்கம் நூறு என்று அடுக்கி வைத்தேன். இரண்டு மணிக்கு நூறு தீர்ந்துவிட்டது. பெட்டகத்திலிருந்து இன்னும் பத்துக் கட்டு எடுத்து வந்து, வலது டிராயரில் அழுக்கு நோட்டு நிரம்பியிருந்ததால், இடது பக்கம் ஐந்நூறுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவ்வளவுதான். அதை வைத்த கை இன்னும் எனக்குத் தெரிகிறது.

எண்ணும் மெஷின் இருக்கிறதே என்பீர்கள். எங்கள் பிராஞ்ச் மெஷின் தாள் எண்ணிக்கையைத்தான் காட்டும், எந்த நோட்டு என்று அதற்குத் தெரியாது. கட்டைப் போட்டால் சிவப்பு எழுத்தில் 100 என்று வரும். நூறு ரூபாய்க் கட்டுக்கும் 100, ஐந்நூறு ரூபாய்க் கட்டுக்கும் 100. நூறு கொடுக்கணும் என்று மனசு நினைத்துக்கொண்டிருக்கும்போது கண் முன்னால் 100 என்று ஒளிர்ந்தால், சரிதான் என்று கை தானாக நீட்டிவிடும். பழைய மெஷின் இருக்கும் பிராஞ்சில் உட்காருபவர்கள் இதை மறக்கவே வேண்டாம். மெஷின் உங்களுக்குத் துணை இல்லை, நோட்டின் முகத்தைப் பார்ப்பது உங்கள் வேலை.

ஐந்தே முக்காலுக்கு எண்ணி முடித்தேன். கம்ப்யூட்டர் சொன்ன இருப்பு 18,64,320. கையில் இருந்தது 18,24,320. மறுபடி எண்ணினேன். மேடம் எண்ணினார். கிளார்க் பையன் எண்ணினான். அட்டெண்டர் அண்ணன் டிராயரைக் கழற்றிப் பின்னால் பார்த்தார், குப்பைத் தொட்டியைத் தரையில் கொட்டி ஒவ்வொரு காகிதமாகப் பிரித்தார். வித்தியாசம் ஒரு ரூபாய் கூட நகரவில்லை. அப்போது எனக்குத் தெரியாத ஒன்றை மேடம் சொன்னார், அதை இங்கே சொல்லிவிடுகிறேன். வித்தியாசத் தொகையே பாதிக் கதையைச் சொல்லும். சரியாக 40,000 என்றால் ஒரு நூறு ரூபாய்க் கட்டுக்குப் பதில் ஐந்நூறு ரூபாய்க் கட்டு போயிருக்கிறது. 30,000 என்றால் இருநூறுக்குப் பதில் ஐந்நூறு. 10,000 என்றால் நூறுக்குப் பதில் இருநூறு, இல்லாவிட்டால் ஒரு நூறு ரூபாய்க் கட்டே கூடுதலாகப் போயிருக்கும். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் முதலில் பதிவைப் பாருங்கள், 54,000-ஐ 45,000 என்று மாற்றி அடித்திருக்கலாம். வித்தியாசத்தின் பாதித் தொகைக்கு ஒரு வவுச்சர் இருந்தால், வரவைச் செலவாகப் பதிந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். நாங்கள் எல்லாவற்றையும் பார்த்தோம். பதிவு சுத்தமாக இருந்தது.

இங்கேதான் நான் அந்த நாளின் இரண்டாவது தப்பையும் கண்டுபிடித்தேன். பணம் கொடுக்கும்போது செக்கின் பின்பக்கம், ஸ்லிப்பின் பின்பக்கம், எந்த நோட்டு எத்தனை என்று பேனாவால் எழுதணும். ஐந்நூறு இன்ட்டு இத்தனை, நூறு இன்ட்டு இத்தனை. தினமும் எழுதுவேன். அன்றைக்குப் பதினொரு மணி வரை எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு கூட்டம் கூட்டம் என்று ஒரு செக்கில்கூட எழுதவில்லை. மதியத்துக்கு மேல் கொடுத்த செக்கையும் ஸ்லிப்பையும் மேஜையில் பரப்பிப் பார்த்தால் எல்லாவற்றின் முதுகும் வெள்ளையாக இருந்தது. எழுதியிருந்தால் நூறு ரூபாய்க் கட்டு யார் யாருக்குப் போனது என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். கூட்டம் இல்லாத நாளில் எழுதாவிட்டால்கூடப் பரவாயில்லை, கூட்ட நாளில் எழுதாமல் இருக்காதீர்கள். வரிசையில் நிற்பவர் "சீக்கிரம் மேடம்" என்பார். என்பார்தான், விடுங்கள்.

மணி எட்டரை. மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. "ஏம்மா, மேல ரிப்போர்ட் பண்ணினா உனக்கு மெமோ வரும், கன்ஃபர்மேஷன் தள்ளிப் போகும், எனக்கும் எக்ஸ்ப்ளனேஷன் வரும். தீபாவளி நேரம். போட்டு முடிச்சிடலாம். எவ்வளவு இருக்கு உன்கிட்ட?" என்றார். என் கணக்கில் 11,300 இருந்தது. எதிரில் இருந்த ஏடிஎம்மில் நான் 10,000 எடுத்தேன். மேடம் 20,000 எடுத்துக் கொடுத்தார், மேனேஜர் தன் பையிலிருந்து 10,000. நாற்பதையும் கட்டி டிராயரில் வைத்தோம். 9 மணி 10-க்கு டே எண்ட் போட்டோம், அதாவது அன்றைய கணக்கை முடித்தோம். கையிருப்பும் கணக்கும் ஒத்துப்போனது, கேஷ் டேலி.

அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன். அந்த நேரத்தில் இருபதாயிரத்தை யோசிக்காமல் எடுத்துக் கொடுக்க சொந்த அக்காவுக்கே மனசு வராது. நான் அழுதுகொண்டே நன்றி சொன்னேன். பிராஞ்சுகளில் வழிவழியாக இப்படித்தான் நடக்கிறது. எல்லாரும் பாசத்தோடு செய்வார்கள். ஆனால் டே எண்ட் போட்ட அந்த நிமிஷத்தில் நடந்தது என்ன என்று எனக்குப் புரிய நாலு நாள் ஆனது. வங்கியின் கணக்குப்படி அன்றைக்கு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. குறையாத பணத்தை யாரிடம் போய்க் கேட்பது?

ஊருக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டேன். அம்மாவிடம் "ஆடிட் வந்துட்டாங்க, வர முடியல" என்று பொய் சொன்னேன். சனிக்கிழமை காலை ரூமில் உட்கார்ந்து யார் யாருக்கு நூறு ரூபாய்க் கட்டு கொடுத்தேன் என்று நினைவிலிருந்து எழுதினேன். மூன்று பேர் வந்தார்கள். ஒன்றரை லட்சம் எடுத்த ஒரு தறி முதலாளி. அறுபதாயிரம் எடுத்த ஒரு மகளிர் குழுத் தலைவி. ஒரு மளிகைக் கடைக்காரர். மேனேஜர் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தார். போனேன்.

மளிகைக் கடைக்காரர் வியாபாரத்தின் நடுவில் இருந்தார், "பாத்துச் சொல்றேனுங்" என்றார், சொல்லவில்லை. குழுத் தலைவி அக்கா வீட்டு வாசலில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார். நான் முடிந்தவரை பக்குவமாகத்தான் கேட்டேன். கரண்டியை எண்ணெய்க்குள்ளேயே விட்டுவிட்டு எழுந்தார். "பன்னெண்டு பொம்பளைங்க உக்காந்து பிரிச்சிக்கிட்டோம் கண்ணு. அதிகம் வந்திருந்தா ஒருத்தியாவது வாயத் தொறந்திருக்க மாட்டாளா? எங்களத் திருடீன்னு சொல்ல வந்தியா?" என்றார். இல்லைக்கா என்று சொல்வதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். அந்த இடத்தில் நின்ற அவமானம் நாற்பதாயிரத்தைவிடப் பெரியது. எனக்கு இல்லை, அவருக்கு. அதற்கப்புறம் பல மாதம் அவர் என் கவுண்டருக்கு வரவே இல்லை, பாஸ்புக்கை வேறொருவரிடம் கொடுத்தனுப்புவார்.

தறி முதலாளி வீடு தறிக்கூடத்தோடு ஒட்டியிருந்தது. தீபாவளி லீவுக்குத் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். அந்த ஊரில் தறி நின்று நான் கேட்ட முதல் அமைதி அதுதான். உட்காரச் சொல்லி, முறுக்கும் டீயும் கொடுத்து, முழுசாகக் கேட்டார். "நான் எண்ணித்தானுங் போனஸ் குடுத்தேன். எனக்கு வித்தியாசம் ஒண்ணும் தெரியல. ஆனா நீங்க சொல்றதும் பொய்யின்னு சொல்லல. ஒண்ணு பண்ணுங், பேங்க்ல இருந்து ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங். இன்ன தேதி இவ்வளவு குறைஞ்சுதுன்னு. அத வெச்சு என் கணக்குப்பிள்ளையக் கூப்பிட்டுக் கேக்கறேன்" என்றார். எவ்வளவு நியாயமான பேச்சு. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். லெட்டர் வராது என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் மேனேஜரிடம் கேட்டேன். "என்னன்னு எழுதறது? அன்னிக்குக் கேஷ் டேலிம்மா" என்றார். சிசிடிவி பார்க்கணும் என்றேன். முறைப்படி ரீஜனல் ஆபீஸுக்கு எழுதிக் கேட்கணும், காரணம் எழுதணும். காரணம் இல்லை. கெஞ்சியதில் ஒருநாள் சாயங்காலம் அரை மணி நேரம் பார்க்க விட்டார். கேஷ் கவுண்டர் கேமரா வாடிக்கையாளர் முகத்தை நன்றாகக் காட்டியது. கவுண்டர் பலகையை எண்ணும் மெஷின் மறைத்துக்கொண்டிருந்தது. அந்த மதியம் முழுக்க என் முழங்கை மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. மறுபடி ஒருமுறை நிதானமாகப் பார்க்கலாம் என்று விட்டேன், டிசம்பரில் கேட்டபோது பழைய பதிவு அழிந்து மேலே புதியது ஏறிவிட்டது. கேஷ் சீட்டில் உட்காரும் முதல் நாளே, உங்கள் கவுண்டர் பலகை கேமராவில் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். மெஷினை நாலு அங்குலம் தள்ளி வைத்தால் போதும். நான் இப்போது அதைத்தான் முதலில் செய்கிறேன், அப்புறம்தான் சாமி படத்துக்குப் பூ.

மேடத்துக்கும் மேனேஜருக்கும் கொடுக்க வேண்டிய முப்பதாயிரத்துக்கு என் கழுத்தில் கிடந்த ஒரு பவுன் செயினை அடகு வைத்தேன். எங்கள் பிராஞ்சில் வைக்க வெட்கமாக இருந்தது. ஈரோட்டில் வேறு ஒரு வங்கிக்குப் போனேன். தினம் இருபது பேருக்கு நகைக்கடன் டோக்கன் கொடுக்கும் நான், கவுண்டரின் அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து, அப்ரைசர் என் செயினைக் கல்லில் உரசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உரசிவிட்டு அவர் செயினை மேஜையில் போட்ட சத்தம் கேட்டு வயிறு என்னவோ செய்தது. நாமும் தினம் அப்படித்தான் போடுகிறோம். அன்றிலிருந்து எங்கள் அப்ரைசரிடம் சொல்லிப் போடாமல் கையில் வைக்கச் சொல்கிறேன். எட்டு மாதம் கழித்து மீட்டேன். வட்டி சுமார் 1,800, மதிப்பீட்டுக் கட்டணம் தனி. மொத்தம் 42,000 சொச்சம் என் காசு. பொங்கலுக்குப் போனபோது "செயின் எங்கம்மா?" என்று அப்பா கேட்டார். கொக்கி அறுந்துவிட்டது, செய்யக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அவர் இதைப் படிக்க மாட்டார்.

யூனியனில் பழுத்த ஒரு அண்ணன் பிறகு விளக்கினார். தவறுதலாக ஒருவருக்குக் கூடுதலாகப் போன பணத்தை அவர் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டம் 72-ஆம் பிரிவே சொல்கிறது. சட்டம் நம் பக்கம். ஆனால் போனது என்பதற்குக் காகிதம் வேண்டும். அன்று மாலையே "இன்று இவ்வளவு குறைகிறது" என்று மேனேஜருக்கு ஒரு கடிதம், அதன் நகலில் அவர் கையெழுத்து, தொகை சஸ்பென்ஸ் கணக்கில் (விவரம் தெரியும்வரை தனியாக நிறுத்தி வைக்கும் கணக்கு), ரீஜனல் ஆபீஸுக்கு ஒரு மெயில். இவ்வளவு இருந்தால் வங்கி தன் பெயரில் வாடிக்கையாளருக்கு எழுதலாம், கேமராவைப் பார்க்கலாம். பணத்தைக் கடைசியில் நாம்தான் கட்ட வேண்டி வரும், அது வேறு. மறைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அன்றே சொல்லாமல் விட்ட குறைவை இன்ஸ்பெக்‌ஷனில் வேறொருவர் கண்டுபிடித்தால், 5,000 ரூபாயைத் தாண்டினாலே மோசடியாகப் பார்க்க இடம் கொடுக்கும் விதி ரிசர்வ் வங்கியிடம் அப்போது இருந்தது. "நாளைக்குப் போட்டுடறேன்" என்று இரண்டு நாள் தள்ளியவர்கள் வேலை போன கதையை அந்த அண்ணன் இரண்டு மூன்று சொன்னார். நாங்கள் அன்று ராத்திரியே கட்டியதால் அந்த வகையில் தப்பித்தோம்.

மற்றபடி இப்போது நான் செய்வது சின்னச் சின்ன விஷயங்கள். ஐந்நூறும் நூறும் ஒரே டிராயரில் ஒருபோதும் இல்லை, டிராயர் நிரம்பினால் நோட்டை இடம் மாற்றுவதில்லை, வரிசையை நிறுத்துகிறேன். நூறு ரூபாய்க் கட்டுப் பட்டையில் பச்சை மையில் பெரிதாக 100 என்று எழுதிவிடுகிறேன். நோட்டில் பின் அடிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொன்னதிலிருந்து எல்லாம் காகிதப் பட்டைதான், அதில் ஒரு தாளை உருவுவது சுலபம் என்பதால் வேறு யார் எண்ணிய கட்டாக இருந்தாலும் நானும் ஒருமுறை எண்ணாமல் கொடுப்பதில்லை. கொடுக்கும்போது வாய்விட்டுச் சொல்கிறேன், "நூறு ரூபாய்க் கட்டு ஒண்ணு, பத்தாயிரம்." சொல்லும்போது கண் நோட்டைப் பார்த்துவிடும், அது ஒரு தந்திரம். மதியம் ஒன்றரைக்கு ஒருமுறை பாதி நாள் எண்ணிக்கை, அப்படிச் செய்தால் தேட வேண்டியது பாதியாகக் குறைகிறது. சாப்பிடப் போகும்போது டிராயரைப் பூட்டி, கம்ப்யூட்டரையும் பூட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். "ஒரு ரெண்டு நிமிஷம் உன் பாஸ்வேர்ட்ல போடறேன்" என்று கேட்பவர் சொந்தத் தம்பியாக இருந்தாலும் இல்லை.

2024 ஆகஸ்டில் மறுபடி குறைந்தது. 10,000. இந்தத் தடவை கை நடுங்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஆறு மணிக்கே கடிதம் எழுதி மேனேஜர் மேஜையில் வைத்தேன். அதற்குள் மேனேஜர் மாறியிருந்தார். புது சாருக்கு முகம் கறுத்துவிட்டது, "பத்தாயிரத்துக்கு இவ்வளவு எழுத்தா?" என்றார். சஸ்பென்ஸில் போட்டார்கள். செக் முதுகில் எழுதியிருந்ததால், இருநூறு ரூபாய்க் கட்டோ நூறு ரூபாய்க் கட்டோ போன இடம் இரண்டுதான் என்று தெரிந்தது. பிராஞ்சிலிருந்து முறைப்படி போன் போனது. நாலாம் நாள் கோயில் கமிட்டிக்காரர் ஒருவர், ஆடிப் பண்டிகை வரவு செலவு பார்த்தபோது கூடுதலாக வந்தது என்று பத்தாயிரத்தைக் கொண்டுவந்து கொடுத்து, கையெழுத்தும் போட்டார். எனக்குக் கவனக்குறைவு என்று ஒரு மெமோ வந்தது. ஃபைலில் இருக்கிறது, பதவி உயர்வு நேரத்தில் கேட்பார்களாம். கேட்கட்டும்.

தறி முதலாளி இப்போதும் வாரா வாரம் வருவார். கூலிப் பணம் எடுப்பார். அந்த லெட்டரைப் பற்றி அவரும் கேட்டதில்லை, நானும் பேசியதில்லை. ஆனால் அந்தத் தீபாவளிக்கு அப்புறம் ஒரு மாற்றம். முன்பெல்லாம் கட்டை வாங்கி அப்படியே மஞ்சப் பைக்குள் போடுவார். இப்போது கவுண்டர் பலகையிலேயே பட்டையைப் பிரித்து, எச்சில் தொட்டு, உதடு அசைய ஒவ்வொரு தாளாக எண்ணுவார், கேமராவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு. பின்னால் வரிசை முணுமுணுக்கும். அவர் நூறு வரைக்கும் எண்ணி முடிக்கிற வரையில் நானும் அடுத்த டோக்கனைக் கூப்பிடுவதில்லை.